கன்னிக்குத் தைத்த பாவாடை

அம்மனுக்குப் பாவாடை தைப்பதைப் போல நிம்மதியான வேலை எங்கள் தொழிலில் கிடையாது. ஒரு தடவை அளவு எடுத்தால் போதும், அது மாறாது. அம்மன் இளைக்க மாட்டாள், பெருக்க மாட்டாள், "கை பிடிக்குதுக்கா, கழுத்து ரொம்ப எறக்கமாப் போச்சு" என்று தைத்த துணியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வர மாட்டாள். ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது என் தையல் கடை. வருஷம் முழுக்க ரவிக்கையும் சுடிதாரும் ஓடினாலும் பங்குனியிலும் ஆடியிலும் அம்மன் பாவாடைதான் குவியும். நேர்த்திக்கடன்காரர்கள் வந்து நின்று, "மூணடி அம்மன், மஞ்சள்ல செவப்புக் கரை" என்பார்கள். அவ்வளவுதான் பேச்சு. மனுஷிகளுக்கு ஒரு ரவிக்கை தைக்க வேண்டுமென்றால் முக்கால் மணி நேரம் பேச்சுக் கேட்க வேண்டும், அதில் பாதி அவர்கள் மாமியாரைப் பற்றியதாக இருக்கும்.

பிள்ளைகளுக்குத் தைப்பது இன்னொரு மாதிரி. "வளர்ற புள்ளக்கா, பாத்துத் தைங்க" என்று தாய்மார்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே என் கை அந்த வேலையைச் செய்துவிடும். பாவாடையின் அடியில் நாலு விரல் அகலத்துக்குத் துணியைக் கூடுதலாக விட்டு, உள்பக்கமாக மடித்து, எளிதில் பிரிகிற மாதிரி நீளத் தையல் போட்டுவிடுவேன். பிள்ளை வளர்ந்ததும் அந்த மடிப்பைப் பிரித்து இறக்கிவிட்டால் அதே பாவாடை இன்னும் கொஞ்ச காலத்துக்கு வரும். வளர்த்திக்கு விடுவது என்று இதைச் சொல்வோம். என் ஒரே மகளுக்கு நான் தைத்த ஒவ்வொரு பாவாடையிலும் இந்த மடிப்பு இருந்தது.

அவள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்குத்தான் வருவாள். பை ஒரு மூலைக்குப் போகும், செருப்பு இன்னொரு மூலைக்குப் போகும், அவள் கட்டிங் மேஜையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். எதிர்க்கடையில் ஃபேன்சி சாமான் விற்கும் தெலுங்குக்காரம்மா, "அம்மாயி வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு ஒரு கடலை மிட்டாயை நீட்டுவார். மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, என் மார்க்கிங் சாக்பீஸை எடுத்து, மேஜைப் பலகையில் சாமி வரைய ஆரம்பிப்பாள். அம்மன் வரைந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். அவள் வரைந்தது ஊர் உலகத்துச் சாமிகளை.

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது பிடித்த கிறுக்கு அது. நூலகத்தில் ஏதோ படப்புத்தகத்தில் தொடங்கியது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அப்பாவின் போன் அவளிடம் மாட்டிக்கொண்டது. எகிப்துக்காரி, ஜப்பான்காரி, திபெத்துக்காரி என்று தினம் ஒருத்தி என் மேஜையில் வந்து நிற்பாள். பெண் தெய்வமாக இருந்தால் மட்டும்தான் சேர்ப்பாள். ஆண் சாமிகளைப் பற்றிக் கேட்டால், "அவங்கள்லாம் சண்டதாம்மா போடுறாங்க" என்று ஒதுக்கிவிடுவாள். நான் துணி வெட்ட வரும்போது ஈரத்துணியால் அத்தனை பேரையும் துடைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். துணியில் சாக்பீஸ் ஒட்டினால் வாடிக்கைக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது? அவளும் கவலைப்பட மாட்டாள். மறுநாள் வேறொருத்தி வருவாள்.

ஒரு நாள் தேள் மாதிரி, பாம்பு மாதிரி என்னவோ நெளிய நெளிய வரைந்து வைத்திருந்தாள்.

"ஏம்மா, பாம்புல பாவாட தச்சா எத்தன மீட்டர் ஆகும்?"

"பாம்ப மீட்டர் கணக்குல விக்கிற கட எங்கட்டி இருக்கு? மொதல்ல அதச் சொல்லு."

ஆஸ்டெக் என்று மெக்சிகோ பக்கத்தில் பழைய காலத்து ஜனங்களாம். அவர்களுடைய பூமித் தாய் இடுப்பில் பாம்புகளையே பாவாடையாகப் பின்னிக் கட்டியிருப்பாளாம். பெயர் அவளுக்கும் வாயில் நுழையவில்லை, எனக்கும் நுழையவில்லை. "நாடாவுக்குப் பதிலு என்ன, நாகப்பாம்பா?" என்று கேட்டேன். உருண்டு உருண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும், அதே ஊரில் பிரசவத்தில் இறந்துபோகும் பெண்கள் எல்லோருமே சாமி ஆகிவிடுவார்கள் என்றும், நடுப்பகலிலிருந்து சாயங்காலம் வரை சூரியனைக் கூட்டிக்கொண்டு போய் மறையும் இடத்தில் விட்டு வருவது அவர்கள் வேலை என்றும் சொன்னாள்.

"செத்த பொறவும் வேலதானா அவளுகளுக்கு?" என்றேன்.

அவள் சொன்னதிலேயே என்னைக் கோபப்படுத்தியது ஹாரிதி கதைதான். ஹாரிதி புத்தமதக்காரர்களின் தெய்வம். முன்னால் அவள் ஒரு அரக்கியாம். நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் உண்டு, ஆனாலும் ஊரார் பிள்ளைகளைத் திருடித் தின்பாளாம். ஒரு நாள் புத்தர் அவளுடைய கடைசிப் பிள்ளையைத் தன் பிச்சைப் பாத்திரத்துக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டார். அவள் உலகமெல்லாம் தேடி, மார்பில் அடித்துக்கொண்டு அழுது, கடைசியில் அவர் காலில் வந்து விழுந்தாளாம். இத்தனை பிள்ளைகளில் ஒன்று போனதற்கே உனக்கு இப்படி இருக்கிறதே, ஒன்றே ஒன்று வைத்திருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டாராம். அன்றிலிருந்து அவள் பிள்ளைகளைக் காக்கும் தெய்வமாகிவிட்டாளாம்.

"பெரிய மனுசன் செய்யிற காரியமா இது? தாயைப் பரிதவிக்க விட்டுத்தான் பாடம் நடத்தணுமா?" என்றேன்.

"அதான் திருப்பிக் குடுத்துட்டாரேம்மா" என்றாள் என் மகள்.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் தேர் பார்ப்பது எங்கள் வீட்டில் வழக்கம். என் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டர். ஷிப்டை மாற்றிக்கொண்டு அந்த ஒரு நாள் எங்களோடு வருவார். கடைசியாகப் போன வருஷமும் அப்படித்தான் போனோம். தேர் நகர்ந்தபோது கூட்டம் எங்களை இழுத்துக்கொண்டு போனது. அவர் அவளைத் தோளில் தூக்கப் பார்த்தார். பன்னிரண்டு வயசுப் பிள்ளை, கால் அவர் இடுப்புக்குக் கீழே தொங்குகிற உயரம், வெட்கப்பட்டுக்கொண்டு நழுவி இறங்கிவிட்டாள். எல்லாம் முடிந்து ஒரு மர நிழலில் பால்கோவா தின்றுகொண்டிருந்தபோது கேள்வி வந்தது. ஆண்டாள் கல்யாணக் கோலத்தில் ஸ்ரீரங்கத்துக்குப் போய், பெருமாளோடு கலந்து மறைந்துபோனாள் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. இவளுக்கு அதில் வேறு சந்தேகம்.

"அப்பொறம் அவங்க அப்பா என்ன செஞ்சாரு? தனியாவா ஊருக்குத் திரும்பி வந்தாரு?"

"சாமியோட போய்ச் சேந்துட்டா, அவருக்குச் சந்தோசந்தான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"வீட்டுக்கு வந்து சோறு தின்னாரா?"

"தின்னுட்டு எந்திரிட்டி, பஸ்ஸு போயிரும்" என்று நான்தான் கிளப்பினேன்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்தக் காய்ச்சல் இருந்தது, வந்து வந்து போனது. இவளுக்குப் போகவில்லை. இங்கே பார்த்தோம், பிறகு மதுரைக்குக் கொண்டுபோனோம். மதுரையிலிருந்து திரும்பக் கொண்டுவந்தோம். இதற்கு மேல் என்னால் இதைப் பற்றி எழுத முடியாது.

சின்னப் பிள்ளை என்பதால் எரிக்கவில்லை, மண்ணில் வைத்தார்கள். ஆண்கள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பி வந்தபோது நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் தனியாகக் கடைசியில் வந்தார். யாரோ இலை போட்டு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார், சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். அவள் கேட்ட கேள்வி அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. வந்ததும் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டேன். நான்கு பெண்கள் சேர்ந்துதான் என்னைப் பிடிக்க முடிந்ததாம்.

ஒரு மாதம் போல ஆனது, கடையைத் திறந்தேன். முதலில் வந்ததே ஒரு அம்மன் பாவாடைதான். வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, பேரன் பிறந்ததற்கு நேர்த்திக்கடன் என்று துணியைக் கொடுத்துவிட்டுப் போனார். வெட்டலாம் என்று மேஜைக்கு வந்தால் மேஜை சுத்தமாக இருந்தது. துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. அத்தனை சாமிகள் வந்து போன பலகையில் ஒரு கோடு கூட இல்லை. நான் அந்த மஞ்சள் துணியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அம்மனைத் திட்டினேன். "ஏட்டி, ஒனக்கு எத்தன பாவாட தச்சிருப்பேன்? ஒரு நா கூலி கூட்டிக் கேட்டிருப்பனா? ஒனக்கு என் ஒத்தப் புள்ளதான் கண்ணுல பட்டுச்சா?" எதிர்க்கடை அம்மா ஓடி வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். நான் கத்தி ஓயும் வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு அந்தப் பாவாடையை நான் தைத்துக் கொடுத்தேன். கரை கோணாமல்தான் தைத்தேன்.

அவள் சொன்ன கதைகள் எல்லாம் அந்த நாட்களில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவள் சொன்னபோது கதையாக இருந்தவை இப்போது பக்கத்துத் தெருத் துக்கச் செய்தி போலக் கேட்டன. கிரேக்க நாட்டில் பூப்பறிக்கப் போன மகளைப் பாதாளத்து ராஜா தூக்கிக்கொண்டு போய்விட்டான். தாய் டிமீட்டர் பயிர்களுக்கெல்லாம் தெய்வம், மகளைக் காணாமல் ஒரு புல் முளைக்காமல் செய்துவிட்டாள். சரியான பொம்பளை என்று இப்போது தோன்றியது. இங்கே என்னடாவென்றால் கார்த்திகையில் நல்ல மழை, வயல் எல்லாம் பச்சை. எனக்கு அந்தப் பச்சையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. புத்தர் ஒளித்துவைத்த பிள்ளைக்காவது மேலே ஒரு பாத்திரம் இருந்தது. நான் எதைத் தூக்கிப் பார்ப்பது?

மார்கழி கடைசியில் என் வீட்டுக்காரரின் அக்கா தளவாய்புரத்திலிருந்து வந்தார். மதினி என்று கூப்பிடுவேன். அவர்கள் அப்பா காலத்துப் பூர்வீக வீட்டில் இருப்பவர் அவர்தான். ஊரே நைட்டி தைக்கும் ஊர் அது, அவர் வீட்டிலும் நாலு மெஷின் ஓடுகிறது. எனக்கு முதன்முதலில் மெஷின் மிதிக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். வந்தவர் தண்ணீர் கூடக் குடிக்காமல் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, புள்ள என் கனவுல வந்தா. நனஞ்ச துணியோட வாசல்ல நின்னா. 'அத்த, புதுத் துணி தாங்க'ன்னா. எந்திரிச்சு ஒக்காந்துட்டேன். அவ சாமியாயிட்டாட்டி. வீட்டுக்கு வாரேன்னு கேக்கா."

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் இறந்துபோகும் பெண்பிள்ளையைக் கன்னி என்று வைத்துக் கும்பிடுவார்கள். அவள் பிறந்த வழியில் உள்ள பூர்வீக வீட்டில் ஒரு ஓலைப்பெட்டிக்குள் புதுப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன், சீப்பு, கண்மை எல்லாம் வைத்துக் கட்டி, பூஜை மூலையில் உயரத்தில் வைத்துவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தை வெள்ளியில் பெட்டியை இறக்கி, பொங்கல் வைத்து, பழைய துணியை எடுத்துவிட்டுப் புதுசு வைப்பார்கள். வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் அவளிடம் கேட்டுக்கொள்வார்கள். ஊரில் எத்தனையோ வீடுகளில் அப்படிப் பெட்டி இருக்கிறது. நானே எத்தனையோ பெட்டிகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

எனக்கு முதலில் வந்தது பொறாமை. வருவதென்றால் என் கனவில் அல்லவா வந்திருக்க வேண்டும்? புதுத் துணி வேண்டுமென்றால் தைக்கிறவளிடம் கேட்காமல் தளவாய்புரம் வரை நனைந்துகொண்டு போவாளா? பிறகுதான் கோபம் வந்தது.

"எம்மவளச் சாமியாக்க வேண்டாம் மதினி" என்றேன். "போன ஆடியில தலையப் பிடிச்சு வச்சுப் பேன் பாத்த புள்ள. அவகிட்டப் போயி நான் கையெடுத்துக் கும்பிட்டு வரம் கேக்கவா? சாமியாயிட்டா ஒரு வார்த்த வைய முடியுமா? 'ஏட்டி'ன்னு கூப்பிட முடியுமா?"

"அப்படியே வுட்டா அலைவாட்டி. எடங் குடுக்கணும்."

"அலையட்டும். இந்த வீட்டத்தான சுத்துவா? சுத்தட்டும். நான் ஒண்ணும் சொல்லல."

மதினி அழுதுகொண்டே திரும்பிப் போனார். நான் பஸ் ஏற்றிவிடக் கூடப் போகவில்லை. என் புத்தி வேறு எங்கெங்கோ போனது. உலகத்தில் இத்தனை பெண் தெய்வங்கள் இருக்கிறார்களே, ஒவ்வொருத்திக்கும் பின்னால் இப்படி ஒரு வீடு இருந்திருக்குமோ என்று நினைத்தேன். ஊர் கும்பிடட்டும் என்று ஒரு பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பின்கட்டில் ஒருத்தி அவளுடைய பாயைச் சுருட்டி வைத்திருப்பாள். கதையில் அவளைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அவள் பேர் கூட யாருக்கும் தெரியாது.

என் மனசை மாற்றியது மதினியுமில்லை, சாமியுமில்லை. என் வீட்டுக்காரர்தான். பிள்ளை போனதிலிருந்து அவர் அழவில்லை. ஷிப்டுக்குப் போனார், வந்தார், எது கேட்டாலும் "ம்" என்றார். பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னால் சாயங்காலம், அவளுடைய சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். யார் ஓட்டுவதற்கு என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவராகவே பேசினார்.

"ஒனக்குக் கட இருக்குட்டி. மேச இருக்கு. அவ ஒக்காந்த எடம் இருக்கு. நான் எங்க போயி ஒக்கார? பொதச்ச காட்டுலயா? அங்க மழ பேஞ்சு எடமே தெரியல. அக்கா வீட்டுல ஒரு பெட்டி இருந்தா, அது முன்னால போயி செத்த நேரம் ஒக்காந்துட்டு வருவன்ல."

நான் எழுந்து போய்ப் பாவாடைத் துணி எடுத்து வந்தேன்.

மஞ்சளும் சிவப்பும் எடுக்கவில்லை. அம்மன் கலர் என்று அவளுக்குப் பிடிக்காது. மயில் கழுத்து நிறத்தில் பட்டு, அதற்கு அரக்குக் கரை. அளவுக்கு அவளுடைய தீபாவளிப் பாவாடையை எடுத்தேன். அவள் போட்டுப் பார்த்ததோடு சரி, தீபாவளிக்குள் காய்ச்சல் வந்துவிட்டது. மேஜையில் அதை விரித்து, மேலே புதுத் துணியைப் போட்டு, சாக்பீஸால் கோடு இழுத்தேன். அழுகை வரவில்லை. வேலை செய்யும்போது எனக்கு எப்போதும் வராது. இடுப்புக்குச் சுருக்கம் பிடித்தேன், நாடா கோத்தேன், அடி மடித்தேன், இஸ்திரி போட்டேன். சட்டைக்குக் கை கொஞ்சம் உப்பலாக வைத்தேன். அதுதான் அவளுக்குப் பிடிக்கும். முடித்து மடித்துப் பையில் வைத்தபோது, நல்ல தையல் தைத்த நாட்களில் வருகிற நிறைவு ஒரு நொடி வந்துவிட்டது. வந்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

தை இரண்டாம் வெள்ளி தளவாய்புரம் போனோம். அன்றைக்கு மட்டும் மெஷின்களை நிறுத்தி, நைட்டிக் கட்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கி, மதினி வீட்டைக் கழுவி விட்டிருந்தார். முற்றத்தில் பொங்கல் பொங்கியது. பூஜை மூலையில் புது ஓலைப்பெட்டி இருந்தது. பக்கத்தில் தாம்பாளத்தில் கண்ணாடி வளையல், ரிப்பன், ஸ்டிக்கர் பொட்டு எல்லாம் வைத்திருந்தார். அவள் பொட்டு வைக்கவே மாட்டாள், நெற்றி அரிக்கிறது என்பாள். மதினி என் பையிலிருந்து பாவாடையை வாங்கி, பெட்டியில் வைப்பதற்கு முன்னால் சாமிக்குக் காட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். அவரும் தையல்காரிதானே. கை தானாக ஓரத்துக்குப் போனது. அடியைத் தடவிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாகப் பாவாடையைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தார்.

"ஏட்டி..." என்றார். "வளர்த்திக்கு விட்டிருக்கியே."

எனக்கு ஒரு கணம் அவர் என்ன சொல்கிறார் என்றே விளங்கவில்லை. ஆமாம், விட்டிருக்கிறேன், அதற்கென்ன என்றுதான் நினைத்தேன். அதன் பிறகுதான் புரிந்தது. நாலு விரல் அகலத்துக்குத் துணியைக் கூடுதலாக விட்டு, உள்ளே மடித்து, பிரிப்பதற்குத் தோதாக நீளத் தையல் போட்டிருந்தேன். பிறந்ததிலிருந்து அவளுக்கு எப்படித் தைத்தேனோ அப்படியே இதையும் தைத்திருந்தேன். எத்தனையோ வீட்டுக் கன்னிப் பெட்டிக்குத் தைத்திருக்கிறேன், ஒரு தடவை கூட இந்தத் தப்பு நடந்ததில்லை. கன்னி வளர மாட்டாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். என் கைக்குத்தான் தெரியவில்லை.

பொங்கல் பானை பக்கத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருக்கட்டுமே மதினி" என்றேன்.

"இருக்கக் கூடாதுத்தா. மடிப்பு இருந்தா வளரணும்னு ஆச வரும். ஆச இருந்தா அடங்கி ஒக்கார மாட்டா. ஒன்னையும் என்னையும் சுத்திக்கிட்டே நிப்பா. புள்ளைக்கு நிம்மதி வேண்டாமா?" என்று சொல்லும்போதே அவர் அழுதுவிட்டார். "நான் வேணா வெட்டித் தாரேன். நீ பாக்க வேண்டாம். உள்ள போ."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாவாடையைப் பிடுங்கிக்கொண்டு அப்படியே ராஜபாளையத்துக்கு வந்திருப்பேன். அவர் ஓலைப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார இடம் கேட்ட மனுஷன் அவர்.

"குடுங்க" என்று கை நீட்டினேன். "என் தையல வேற யாரும் பிரிக்க வேண்டாம்."

மதினி மெஷின் டிராயரிலிருந்து கத்தரியும் ஊசி நூலும் எடுத்துக் கொடுத்தார். பூஜை மூலைக்கு முன்னாலேயே கால் நீட்டி உட்கார்ந்து, பாவாடையை மடியில் போட்டுக்கொண்டேன். நீளத் தையல், ஒரு இழுப்பில் பிரிந்து வந்தது. மடிப்பு விரிந்து துணி முழு நீளத்துக்கும் இறங்கியது. இஸ்திரி போட்ட கோடு ஒன்று நடுவில் ஓடியது. கோட்டுக்கு மேலே இருப்பது அவள் இருந்த உயரம். கோட்டுக்குக் கீழே இருப்பதை நான் வெட்ட வேண்டும். கரை கீழே இருந்ததால் முதலில் அதைப் பிரித்து எடுத்து, துணியை வெட்டி, மறுபடி கரையை மேலே ஏற்றிப் பிடித்துத் தைக்க வேண்டும். வேலையை மனசுக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டால்தான் கை நகர்ந்தது. நல்ல பட்டு, கத்தரி எங்கும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. வெட்டி முடித்ததும் நான் போட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை, முற்றத்தில் கட்டியிருந்த ஆடு மிரண்டதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மதுரையில் டாக்டர் வந்து சொன்னபோது கூட நான் அப்படிக் கத்தவில்லை. அங்கே அவர்கள் கையிலிருந்து போனாள். இங்கே என் கையால் வெட்டினேன்.

மதினி வந்து என் பின்னால் உட்கார்ந்து இடுப்போடு கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்படி உட்கார்ந்தபடியே மிச்சத் தையலைப் போட்டேன். கரை நேராக வந்ததா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். மடித்து, பெட்டியில் நானே வைத்தேன். வளையலை வைத்தேன், ரிப்பனை வைத்தேன். ஸ்டிக்கர் பொட்டை மட்டும் எடுத்துத் தனியே வைத்துவிட்டேன். சூடம் ஏற்றியபோது எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கையைச் சேர்த்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல், "சாப்பிட்டியாட்டி?" என்றுதான் கேட்டேன்.

"அடுத்த வருசத்துக்கும் இதே அளவுதான். எழுதி வச்சிக்கோ" என்றார் மதினி, நாங்கள் கிளம்பும்போது.

"எழுத வேண்டாம் மதினி" என்றேன்.

மத்தியான டவுன் பஸ்ஸில் கூட்டமில்லை. என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். வயலும் தென்னையும் தாண்டி மலை கூடவே வந்தது. செட்டியார்பட்டி தாண்டியதும், டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கப் பையைத் திறந்தேன். வெட்டிய துணி மேலாக வந்தது. அதை எப்போது சுருட்டி உள்ளே வைத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. அவர் அதை எடுத்து முழங்காலில் போட்டு விரித்தார். பாவாடைச் சுற்றளவு நீளம், நாலு விரல் அகலம், மயில் கழுத்து நிறம். மில்லில் நூல் பார்க்கிற மாதிரி விரலால் நீவி நீவிப் பார்த்தார்.

"இது எம்புட்டு நாளைக்கு வந்திருக்கும்?" என்றார்.

நான் துணியைப் பார்த்தேன். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், தொழில் தெரிந்தவள்.

"ரெண்டு வருசம் வந்திருக்கும்" என்றேன். "அதுக்கு மேல வராது. அவ ஒங்க வீட்டு வளர்த்தியாச்சே."

அவர் அந்தத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்க அழுதார்.